காபி குடிக்காத மார்க்கெட்டிங்

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரில், மோர்மன் திருச்சபை நடத்துவது பிரிகாம் யங் பல்கலைக்கழகம். மாணவர்களுக்குக் காபி, டீ, மது, புகையிலை எதுவும் ஆகாது. காஃபின் கலந்த கோலாகூட 2017இல்தான் வளாகக் கடைக்கு வந்தது.

அங்கே மார்க்கெட்டிங்கும் படிக்கலாம். தானே தொடக் கூடாத சரக்கை ஊருக்கு விற்கக் கற்பது லேசுப்பட்ட வித்தையா?

சிரித்துவிட வேண்டாம். இங்கே மார்க்கெட்டிங் படிப்பவர்களில் பலர், பட்டத்துக்கு நடுவே ஒன்றரை, இரண்டு வருடம் திருச்சபையின் மதப்பிரசார ஊழியத்துக்குப் போய், முன்பின் தெரியாத வீடுகளின் கதவைத் தட்டியவர்கள். முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாலும் புன்னகை மாறாமல் அடுத்த வீட்டுக்குப் போகிற பழக்கத்தை எந்தப் பாடப்புத்தகம் தரும்?

விலை நிர்ணயத்துக்குக் படிப்புக் கட்டண ரசீதே பாடம்: சபை உறுப்பினருக்கு ஒரு தொகை, மற்றவருக்கு இருமடங்கு.

வணிகப் பள்ளியின் பெயர் மாரியட். ஆம், அதே ஹோட்டல் குடும்பம்தான். அந்த ஹோட்டல்களில் காபியும் கிடைக்கும், பாரும் உண்டு.