ஃபைல் மூவ் ஆயிட்டிருக்கு சார்

வீட்டுக் கடன் வாங்கித் தரும் ஏஜென்ட்களிடம் தனியாக ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. அதில் திதி, நட்சத்திரம் எல்லாம் கிடையாது. மூன்றே காலம்தான். ‘ஈவினிங்குள்ள சொல்றேன் சார்’ என்றால் இந்த வாரம் இல்லை. ‘மண்டே கண்டிப்பா’ என்றால் இந்த மாதம் இல்லை. ‘மந்த் எண்டுல முடிஞ்சுரும்’ என்றால், எந்த மாதம் என்று கேட்பது மரியாதை இல்லை. ராகு காலமாவது ஒன்றரை மணி நேரத்தில் ஓய்ந்துபோகும்.

ஃபைல் வங்கியில் ‘லாகின்’ ஆகும்வரை ஏஜென்ட்டைப் போல ஒரு சுறுசுறுப்பான பிறவியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காலையில் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவோடு வணக்கம். மதியம், “உங்க சிபில் ஸ்கோருக்கு இல்லாத லோனா சார்?” ராத்திரி ஒன்பது மணிக்கு டூவீலரில் வீட்டுக்கே வந்துவிடுவார். ஹெல்மெட்டைக் கழற்றிச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டு, தலையணை கனத்துக்கு ஒரு விண்ணப்பத்தைச் சோபாவில் விரிப்பார். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து. படித்துப் பார்க்கலாமா என்று இழுத்தால், “எல்லாம் ஸ்டாண்டர்ட் ஃபார்மேட்தான் சார்.” அடுப்படியிலிருந்து மனைவியும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கோ-அப்ளிகண்ட் என்ற பட்டத்தோடு வரிசையாகக் கையெழுத்துப் போடுவார். கடைசிப் பக்கத்தில் நீங்கள் பழக்கதோஷத்தில் தேதி எழுதப் போனால், ஏஜென்ட் பதறிக் கையைப் பிடிப்பார். “டேட் மட்டும் போடாதீங்க சார். நான் ஃபில் பண்ணிக்கறேன்.”

அந்தக் காலிக் கட்டத்தில்தான் இந்தத் தொழிலின் மொத்த சூட்சுமமும் அடங்கியிருக்கிறது. தேதியே இல்லாத விண்ணப்பம் எப்படித் தாமதமாகும்?

லாகின் ஆனதும் ரோஜாப்பூ நின்றுவிடும். நீங்கள்தான் இனிமேல் கூப்பிட வேண்டும். நாலாவது ரிங்கில் எடுத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். ஃபைல் ‘க்ரெடிட்ல’ இருக்கும். அப்புறம் ‘லீகல்ல’ இருக்கும். பிறகு ‘டெக்னிக்கல்ல’ இருக்கும். எங்கே இருந்தாலும் அது ‘மூவ் ஆயிட்டிருக்கு’. பொறுமை இழந்து வங்கிக் கிளைக்கே போய் நின்றால், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருப்பவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார்: “யார் மூலமா வந்தீங்க? அவங்ககிட்டயே கேட்டுக்குங்க.” ஏஜென்ட்டைக் கேட்டால், “பேங்க்லதான் சார் பெண்டிங்.” இருவருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். இவரிடம் அதிகாரம் இல்லை, அவரிடம் அக்கறை இல்லை.

பிறகு ‘க்வெரி’ வரும். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் உண்டு என்ற ரகசியம் இன்னும் வங்கிகளின் காதுக்கு எட்டவில்லை. ஆதாரில் இன்ஷியல் முன்னால் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கும், சம்பளச் சீட்டில் இரண்டுமே இருக்காது. மூவரும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் நோட்டரியிடம் சத்தியம் செய்ய வேண்டும். அதைக் கொடுத்தால் அடுத்து தாய்ப்பத்திரம். அதைக் கொடுத்தால் வாரிசுச் சான்று. அதையும் கொடுத்தால், விற்பவரின் தாத்தா காலத்துப் பத்திரத்தில் வடக்கெல்லையாகச் சொல்லப்பட்ட கிணறு இப்போது எங்கே போயிற்று?

இதற்குள் இரண்டு மாதம் ஓடியிருக்கும். ஆகவே, “லேட்டஸ்ட் பேங்க் ஸ்டேட்மென்ட் வேணும் சார். நீங்க குடுத்தது பழசாயிடுச்சு.” சம்பளச் சீட்டும் பழசு. வில்லங்கச் சான்றும் பழசு, இன்றைய தேதிவரை புதிதாகப் போட வேண்டும். அவர்கள் தூங்கிய தூக்கத்துக்குக் காகிதம் மூப்படைந்தால், ஓடுவது நாம்.

வக்கீல் பத்திரத்தைத் துருவிப் பார்ப்பதில் எனக்குக் கோபமே இல்லை. ஒரே மனையை மூன்று பேருக்கு விற்றவர்களும், அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுக்குப் பளபளவென்று நுழைவாயில் கட்டியவர்களும் நடமாடும் ஊர் இது. பார்க்கட்டும், நன்றாகவே பார்க்கட்டும். அந்தக் கேள்விகளை எல்லாம் ஒரே நாளில், ஒரே தாளில் கேட்டுத் தொலைப்பதற்கு என்ன கேடு என்பதுதான் என் கேள்வி. வாரத்துக்கு ஒன்றாக அவிழ்த்துவிட, இது என்ன தொலைக்காட்சித் தொடரா?

இன்னொரு திருவிளையாடலும் உண்டு. ஒரு வங்கியில் இழுத்தால், நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதே ஃபைலை இன்னும் மூன்று வங்கிகளில் போட்டு வைப்பார் ஏஜென்ட். ‘சேஃப்டிக்கு சார்!’ கடனுக்காக ஒவ்வொரு வங்கியும் சிபில் அறிக்கையை எடுத்துப் பார்க்கும்போது அது பதிவாகும், ஸ்கோரும் கொஞ்சம் இறங்கும். நாலாவது வங்கி மூக்கின் மேல் விரலை வைக்கும்: “ஏன் இவ்வளவு இடத்தில் கடன் கேட்டிருக்கிறீர்கள்?” நாம் வாயே திறக்கவில்லை ஐயா. நம் பெயரில் ஊர் ஊராகக் கையேந்திவிட்டு வந்தவர் இப்போது ஃபோனை எடுப்பதில்லை.

இத்தனைக்கும் விற்பனை ஒப்பந்தத்தில் தேதி இருக்கிறது. அதில் யாரும் கட்டத்தைக் காலியாக விடவில்லை. மூன்று மாதத்துக்குள் பாக்கிப் பணம் தராவிட்டால் அட்வான்ஸ் கோவிந்தா என்று அழுத்தமாக எழுதியிருக்கிறது. வீட்டை விற்பவர் தினமும் கூப்பிடுகிறார்: “தம்பி, நான் நல்லவன். ஆனா வேற பார்ட்டி ரெடி கேஷோட நிக்கிறாங்க.” குடியிருக்கும் வீட்டைக் காலி செய்வதாக வேறு சொல்லியாயிற்று. ஆனி முகூர்த்தத்தில் பத்திரம் முடிக்கலாம் என்று மாமியார் நாள் குறித்திருப்பார். முகூர்த்த நாள் கூட்டத்துக்காகப் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் தருகிற ஊர் இது. சாங்ஷன் கடிதம் மட்டும் மிகச் சரியாக ஆடி முதல் தேதி வந்து சேரும்.

சரி, நாள் என்பதற்கு வங்கியிடம் மதிப்பே இல்லையா? யார் சொன்னது! தவணையை ஒரு நாள் தாமதமாகக் கட்டிப் பாருங்கள். அபராதம், எஸ்.எம்.எஸ்., இனிமையான குரலில் ஒரு அழைப்பு, அப்புறம் இனிமை இல்லாத குரலில் இன்னொன்று. நமக்கு எதிராக ஓடும் கடிகாரம் நொடி பிசகுவதில்லை. 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. சில கடன் நிறுவனங்கள், பணத்தைக் கையில் கொடுத்த நாளிலிருந்து இல்லாமல், கடனை அனுமதித்த நாளிலிருந்தோ ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்தோ வட்டி வாங்குவதை ஆய்வில் கண்டுபிடித்ததாகச் சொன்னது. காசோலையில் தேதியைப் போட்டுவிட்டு, அதைச் சில நாள் கழித்துக் கொடுத்து, இடைப்பட்ட நாளுக்கும் வட்டி கறந்த கதையும் அதில் இருந்தது. ஆக, தாமதத்தில் இவர்களுக்கு நஷ்டம் இல்லை என்பது மட்டுமல்ல. சிலர் அதிலும் காசு பார்த்திருக்கிறார்கள்.

ரிசர்வ் வங்கிக்கு ஒரு நாளின் விலை தெரியாமலும் இல்லை. கடனை முழுக்கக் கட்டி முடித்தபின் அசல் பத்திரத்தை 30 நாளுக்குள் திருப்பித் தராவிட்டால், வங்கி தன் தாமதத்துக்கு நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று 2023-இல் உத்தரவு போட்டது. அந்த ஆண்டு டிசம்பர் முதல் அது நடப்பில் இருக்கிறது. கடன் அறிக்கையில் உள்ள பிழையை 30 நாளில் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய். நல்ல காரியம். ஆனால் கடன் கேட்டு வாசலில் நிற்பவனின் நாளுக்கு என்ன விலை? 2003-இல் வந்த நியாய நடைமுறை விதிகளில், எல்லாக் கடன் விண்ணப்பத்துக்கும் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும் என்று இருக்கிறது. எத்தனை நாளில் முடிவு சொல்வோம் என்று அந்தச் சீட்டில் குறிக்கச் சொன்னது மட்டும் 2 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குத்தான். 2 லட்சத்தில் இன்று சென்னை அடுக்ககத்தில் கார் நிறுத்தும் இடத்தை வாங்குவதே கஷ்டம்.

ஏஜென்ட் பையனை மட்டும் திட்டி ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. கடன் பட்டுவாடா ஆனால்தான் அவனுக்குக் கமிஷன்; பெட்ரோல் அவன் காசு. தன் வாசலுக்கு வெளியே வங்கி எழுப்பி வைத்திருக்கும் சுவர் அவன். நல்ல செய்தியைச் சொல்ல வங்கிக்கு மேனேஜர் இருக்கிறார், பூங்கொத்து இருக்கிறது. கெட்ட செய்தியைச் சொல்லாமல் இருப்பதற்குத்தான் ஏஜென்ட். ஆனால் ரிசர்வ் வங்கியின் அவுட்சோர்சிங் விதிகள் தெளிவாகவே இருக்கின்றன: விற்பனை ஏஜென்ட் செய்கிற காரியத்துக்கும் வங்கியே பொறுப்பு. ‘அவங்ககிட்டயே கேட்டுக்குங்க’ என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சொல்பவர், சட்டப்படி தன்னையே கேட்டுக்கொள்ளச் சொல்கிறார்.

ஆகவே, சோபாவில் விண்ணப்பம் விரிக்கப்படும்போது தேதியை நீங்களே எழுதுங்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். ஒப்புகைச் சீட்டை ஏஜென்ட்டிடம் கேட்காதீர்கள், கிளையில் கேளுங்கள். எந்தெந்த வங்கிக்கு ஃபைல் போகலாம் என்று அவருக்கு எழுத்தில் சொல்லுங்கள். இழுத்தடித்தால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாள் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். ஆமாம், தாமதத்தைப் பற்றிப் புகார் சொல்லவும் ஒரு மாதம் காத்திருக்கத்தான் வேண்டும். அதற்குள் உங்கள் ஒப்பந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு காலம் கரைந்திருக்கும்.

ரிசர்வ் வங்கிக்கு ஒரே ஒரு விண்ணப்பம், தேதி போட்டே கொடுக்கிறேன். பத்திரத்தைத் திருப்பித் தரத் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் என்று சொல்லத் தெரிந்த நீங்கள், கடனுக்கு உண்டு இல்லை என்று சொல்லத் தாமதிக்கும் நாளுக்கும் அதே 5,000-ஐ வையுங்கள். அப்புறம் பாருங்கள், ஈவினிங் என்றால் அன்றைக்கு ஈவினிங்கே ஃபோன் வரும்.