நியூட்டனின் இன்னொரு அடுப்பு

கேள்வி: விஞ்ஞானம் வந்ததும் மந்திரவாதிகள் கடையைக் கட்டிவிட்டார்கள் என்கிறார் என் மாமனார். உண்மையா?

பதில்: மாமனார் சொன்னால் மறுக்கலாமா? ஆனால் நியூட்டனுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது! ஈர்ப்பு விசையைக் கணக்கிட்ட அதே மனிதர், ரசவாதம் பற்றி எழுதிக் குவித்தது ஏறக்குறைய பத்து லட்சம் சொற்கள். கேம்பிரிட்ஜில் உலை மூட்டிப் பாதரசமும் ஆன்டிமனியும் காய்ச்சினார். குறிப்புகளில் 'பச்சைச் சிங்கம்' போன்ற சங்கேதப் பெயர்கள் வேறு. ரகசியத்துக்குக் காரணம் உண்டு. ரசவாதத்தால் தங்கத்தைப் பெருக்குவது இங்கிலாந்தில் 1404 முதல் குற்றம். 1689-இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. (நடக்காத காரியத்துக்குத் தடை போடுவதில் அரசாங்கங்களுக்கு என்றுமே தனி உற்சாகம்.)

இந்தப் பைத்தியத்தில் பலனே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1669-இல் ஹாம்பர்க்கின் ஹென்னிக் பிராண்ட், தங்கத்தைத் தேடி வாளி வாளியாகச் சிறுநீரைக் காய்ச்சினார். கிடைத்தது இருட்டில் ஒளிரும் பாஸ்பரஸ். அக்கம்பக்கத்தார் மூக்கைப் பிடித்துக்கொண்டு விஞ்ஞானத்துக்குச் செய்த தியாகத்தை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை.

தங்கம் செய்ய முடியாத நியூட்டன் 1696-இல் அரசு நாணயச்சாலையில் அதிகாரியானார். கள்ள நாணயக்காரர்களைத் தேடிப் பிடித்தார். வில்லியம் சலோனர் என்பவரைத் தூக்குமேடை வரை கொண்டுபோய் விட்டார். நியூட்டனுடைய ரசவாதக் காகிதங்களோ, அறிவியல் மதிப்பில்லை என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் திருப்பிக் கொடுத்தவை. 1936-இல் ஏலத்துக்கு வந்தபோது, பொருளாதார மேதை கெய்ன்ஸ் அவற்றில் பலவற்றை வாங்கினார். படித்துவிட்டு, நியூட்டனைக் கடைசி மந்திரவாதி என்றே வர்ணித்தார்.