ராஜராஜனின் பிரஜை

மனிதர்கள் எல்லோரும் தாம் பிறந்த காலத்திலேயே வாழ்கிறார்கள் என்று எண்ணுவது ஒரு பெரிய பிரமை. எங்கள் தெருவில் நாலாவது வீட்டில், தாலுகாக் கச்சேரியில் முப்பது வருஷம் பேனா பிடித்து ஓய்வு பெற்று, பென்ஷனில் பாதியைப் புத்தகத்துக்கும் பாதியை ரயில் டிக்கெட்டுக்கும் கொடுத்துவிட்டு, சம்சார பாரத்தைத் தர்மபத்தினியின் சாமர்த்தியத்திடம் ஒப்படைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அங்கே இருப்பது அவருடைய சரீரம் மட்டுமே. ஆத்மாவோ 985-க்கும் 1044-க்கும் இடையே, தஞ்சைக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்குமாகப் போய்வந்துகொண்டிருக்கிறது. விஜயநகரத்தாரை அவர் "நேற்று வந்தவர்கள்" என்பார். வெள்ளைக்காரனைப் பற்றிப் பேச்செடுத்தால், அது பத்திரிகைச் சமாசாரம், சரித்திரமல்ல என்று கையை உதறிவிடுவார்.

சரித்திரப் பித்தர்களில் பல ரகம் உண்டு. சங்க காலத்தார், வருஷக் கணக்கு என்னும் தொல்லை அதிகம் இல்லாத பாக்கியவான்கள். பல்லவ காலத்தார் பார்வைக்குப் பரம சாது. ஆனால் மாமல்லபுரத்துப் பாறையில் இருப்பது அர்ஜுனன் தபசா, பகீரதன் தபசா என்று மட்டும் அவர்களிடம் கேட்டுவிட்டால் நம்முடைய கடைசிப் பஸ் போய்விடும். களப்பிரர் காலத்தைப் பிடித்துக்கொண்டவர்களோ மகா புத்திசாலிகள். ஆதாரம் அதிகம் அகப்படாத இடமாகப் பார்த்துக் குடியேறியிருப்பதால் அவர்களை மறுப்பதற்கும் ஒருவரிடமும் ஆதாரம் கிடையாது.

சோழர் காலத்தார் இவர்களையெல்லாம்விட அபாயமானவர், ஏனென்றால் அவரிடம் ஆதாரம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. என் நண்பரைச் சோழ சாம்ராஜ்யத்துக்கு அடிமையாக்கியது கடாரப் படையெடுப்போ, புலிக்கொடியோ என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். உண்மை வேறு. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்ற விலாசமும், ஆளுக்கு வருஷம் நூறு கலம் நெல் என்ற உத்தரவும், நிலத்தை வேலி, மா, காணி, முந்திரி, கீழ்முந்திரி வரைக்கும் பின்னத்தின் பின்னமாக அளந்த கணக்கும் வெட்டியிருப்பதை முதன்முதலில் பார்த்த அன்று, அந்த ஓய்வு பெற்ற குமாஸ்தாவின் கண்களில் ஜலம் துளிர்த்துவிட்டது. "எங்கள் கச்சேரியில் ஓர் அடங்கலாவது இவ்வளவு சுத்தமாக இருந்ததுண்டா, ஓய்!" என்றார். மற்றவர்கள் ராஜராஜனைச் சக்கரவர்த்தி என்று வணங்குகிறார்கள். இவர் வணங்குவது தவறே செய்யாத ஒரு தாசில்தாரை.

அன்று முதல் தம் விலாசத்தையும் அதே முறையில், "தெற்குத் தெரு, வடசிறகு, நாலாம் வீடு" என்று எழுத ஆரம்பித்தார். தபால்காரருக்குச் சோழர் நிர்வாகத்தில் பயிற்சி போதாமையால், அவருடைய சொந்தத் தங்கை பெண்ணின் கல்யாணப் பத்திரிகை ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது. குழந்தைகளுடைய வயதை அவரிடம் கேட்டால் ஒரு கணம் மோட்டுவளையைப் பார்ப்பார். நீலகண்ட சாஸ்திரியார் சோழர் சரித்திரத்தின் முதல் தொகுதியை வெளியிட்ட 1935-இல் மூத்தவன் என்றும், அடுத்த தொகுதி வந்த 1937-இல் இரண்டாமவள் என்றும் கணக்குச் சொல்வார். மூன்றாவது குழந்தையின் வயது அந்த வீட்டில் தாயாருக்குத்தான் தெரியும்.

ஆதித்த கரிகாலனுடைய கொலையை அவர் பேசும்போது குரல் தானாகத் தாழும். எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வருவார். உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயர் இருக்கிறதே தவிர, ஏவியவன் யார் என்று இல்லை. உத்தம சோழன் பேரில் சாஸ்திரியார் சந்தேகம் கொண்டதும், சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்ததும் இவருக்கு அடுத்த தெருத் தகராறு மாதிரி. இன்னும் இரண்டு சாட்சிகளை விசாரித்தால் உண்மை வந்துவிடும் என்பது இவருடைய திடமான நம்பிக்கை. அரக்கோணத்திலிருந்து செங்கற்பட்டுக்குப் போகும் வண்டி தக்கோலத்தில் நிற்கும்போது, 949-இல் அங்கே யானை மேலிருந்தபடியே உயிர் நீத்த ராஜாதித்தனுக்காக அவர் எழுந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அவர் இறங்கப் போகிறார் என்று நினைத்து யாரோ ஒருவர் அவருடைய இடத்தில் உட்கார்ந்துவிட்டதனால், செங்கற்பட்டு வரையில் அஞ்சலி தொடர்ந்தது.

போன வைகாசியில் ஒரு கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை எனக்கு வாய்த்தது. ராஜராஜன் காந்தளூர்ச் சாலையில் கலமறுத்தான் என்று அவனுடைய கல்வெட்டுகள் பெருமையாகச் சொல்லுகின்றன. கலமாவது மரக்கலம், ஆகவே சேரனுடைய கப்பல்களை அழித்தான் என்று ஒரு கட்சி. சாலை என்பது சோறிட்டுக் கல்வி புகட்டிய ஸ்தாபனம், கலமாவது உண்கலம், ஆகவே அவன் கைவைத்தது சாப்பாட்டில்தான் என்று ஒரு கட்சி. நண்பர் மரக்கலக் கட்சி. எங்களுக்கு நேர் எதிர் இலையில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பண்டிதரோ, என் துரதிருஷ்டம், உண்கலக் கட்சி. இருவரும் இலைக்கு மேல் கையை நீட்டி ஆட்டிய வேகத்தில் சாம்பார் வாளி எங்களைத் தாண்டிப் போயிற்று. ரசம் பயந்து அடுத்த பந்திக்கே போய்விட்டது. பாயசத்தைப் பற்றி எனக்கு இன்றுவரை தகவல் இல்லை. அன்றைய நிலவரப்படி உண்கலக் கட்சிதான் தன் வாதத்தை ருசுப்படுத்தியது என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவுக்குப் பிறகும், கும்பகோணத்துக்கு அப்பால் ஒரு கிராமத்துச் சிவன் கோயிலுக்கு அவருடன் நான் போனேன் என்றால், அது சிநேகத்தின் பலவீனம். கல்வெட்டு கருவறையின் வெளிப்புறத்தில், தரைக்கு ஒரு முழ உயரத்தில், குமுதப் படையில் இருந்தது; மேலே ஐந்தாறு தலைமுறைச் சுண்ணாம்பு. தேங்காய் நாரால் தேய்த்து, தண்ணீர் தெளித்து, சுண்ணக்கட்டித் தூளைத் தடவி, வேஷ்டியை வரிந்து கட்டிக்கொண்டு தரையில் ஒருக்களித்துப் படுத்தபடி அவர் எழுத்து எழுத்தாகத் தடவிப் படிக்கத் தொடங்கியதும், ஊர்ச் சிறுவர்கள் கூடினார்கள். அடுத்தாற்போல் பெரியவர்கள் வந்தார்கள். கல்லெழுத்தைப் படிக்க வருகிறவன் புதையலுக்குத்தான் வருகிறான் என்பது நம் கிராமங்களின் அசைக்க முடியாத சித்தாந்தமாயிற்றே!

"எம்புட்டுன்னு போட்டிருக்குங்க?" என்றார் ஒரு பெரியவர், குரலைத் தாழ்த்தி.

"தொண்ணூற்றாறு ஆடு!" என்றார் நண்பர், பரவசமாக.

"இப்ப யாருகிட்ட இருக்கு?"

"சாவா மூவாப் பேராடு, ஐயா! சாகாது, மூப்பும் வராது. ஒன்று செத்தால் குட்டி அதன் இடத்துக்கு வந்துவிடும். கணக்கு என்றைக்கும் தொண்ணூற்றாறுதான். தினம் உழக்கு நெய், சந்திர சூரியர் உள்ளவரை ஒரு நொந்தா விளக்கு. ராஜராஜன் காலத்து ஏற்பாடு!"

"சாகாதுன்னா ஊருக்குள்ளதானே இருக்கணும்?" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தில் ஆட்டுக் கிடை வைத்திருந்த ஒருவரைப் பெரியவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அவரோ அவசர வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் குருக்கள் கையில் காலிக் கிண்ணத்துடன் உள்ளிருந்து வந்தார். "ஸ்வாமிக்கு விளக்கேத்த எண்ணெய் இல்லை. பெரிய மனுஷாளா வந்திருக்கேள், ஒரு நாலணா கொடுத்தேள்னா..."

"எண்ணெய்க்கென்ன? நெய்க்கே ஏற்பாடு செய்தாயிற்றே!" என்று நண்பர் படுத்தபடியே சுவரைக் காட்டினார். அவருடைய சட்டைப் பையில் சுண்ணக்கட்டியையும் நோட்டுப் புத்தகத்தையும் தவிர வேறொன்றும் இராது என்பது எனக்குத் தெரியும். நாலணாவை நான் கொடுத்தேன். சிறிது நேரத்தில் உள்ளே மினுக்கென்று ஒரு சுடர் எழுந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் நோட்டில் பிரதி எழுதிக்கொண்டே வந்தார். வலங்கைமான் தாண்டியதும், எதையோ நினைத்துக்கொண்டவர் போல் என் பக்கம் திரும்பி, உண்மையான அனுதாபத்துடன் சொன்னார்:

"நாலணா கொடுத்தீரே, ஓய், கல்லில் வெட்டாமல் வந்துவிட்டோமே. நாளைக்கு யாராவது கேட்டால் எதைக் காட்டுவீர்?"