புழுவுக்குத் தெரியாத மார்ச் 31

அரசு நிதியில் ஆராய்ச்சி செய்கிறவனுக்கு மார்ச் என்று ஒரே மாதம்தான் உண்டு. மற்ற பதினொன்றும் அதை மறந்திருக்கும் காலம்.

இந்த மார்ச்சில் திட்ட அறிக்கை, செலவுக் கணக்குச் சான்று, ஒரு மாணவியின் ஆய்வேடு, மதிப்பிட வந்த கட்டுரை, எல்லாவற்றுக்கும் கெடு 31தான். போதாததற்கு 8ஆம் தேதி முத்துச்சிப்பிகளை முட்டையிட வைத்திருந்தேன். நானாகத் தேடிக்கொண்ட வினை.

1973இல் தூத்துக்குடி பக்கம் வேப்பலோடையில் விஞ்ஞானி அழகர்சாமி சிப்பிக்குள் உருண்டை முத்தை விளையவைத்தார். 1981இல் தூத்துக்குடிப் பொரிப்பகத்தில் சிப்பிக் குஞ்சுகளும் பிறந்தன. அப்போது அவர்களுக்கு மின்னஞ்சல் தொல்லை கிடையாது என்பதையும் வரலாற்றில் சேர்க்க வேண்டும்.

சிப்பிப் புழு ஏறக்குறைய மூன்று வாரம் நீந்தும். பிறகு கரும்புள்ளி போலக் கண் வரும், கால் முளைக்கும், ஒட்டிக்கொள்ள இடம் தேடும். 28ஆம் தேதி இரவு இரண்டு மணி. கணக்கில் 47 ரூபாய் உதைத்துக்கொண்டிருந்தது. பொரிப்பகத்திலிருந்து போன்.

"சார், புள்ளி வந்துட்டு. கால நீட்டுது."

"காலையில பாத்துக்கலாமா அண்ணாச்சி?"

"நான் இருப்பேன் சார். அது இருக்காதே."

ஓடினேன். நுண்ணோக்கியில் ஒரு புழு நாக்கைத் துருத்துவதுபோலக் காலை நீட்டி, கண்ணாடியைத் தடவிப் பார்த்தது. அதற்கு அப்போதுதான் ஒரு கால் முளைத்திருந்தது. எனக்கிருந்த இரண்டையும் 31ஆம் தேதி ஏற்கெனவே வாரிவிட்டிருந்தது.

விடியும்வரை ஒரு கையில் பாசிக் குடுவை, மறு கையில் ஆய்வேடு. மூன்றாம் அத்தியாயத்தின் ஓரத்தில் 'தண்ணீரை மாற்றவும்' என்று எழுதிவிட்டேன். அந்தப் பெண் அதை விமர்சனமாக எடுத்துக்கொண்டு நான்கு பக்கங்களை வெட்டினாள். ஆய்வேடு தேறிவிட்டது.

ஏப்ரல் 2 அன்று கூனிக்குறுகி அறிக்கையை அனுப்பினேன். கெடுவை ஏப்ரல் 15 வரை நீட்டித்து நிதி கொடுத்தவர்கள் ஒரு வாரம் முன்பே எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதம் குப்பை அஞ்சலில் கிடந்தது.

ஏப்ரல் 15தான் எங்கள் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை தொடங்கும் நாள். 61 நாள் படகு அசையாது, ஏனென்றால் மீன் முட்டையிட வேண்டும். ஆராய்ச்சிக்காரனுக்கும் அப்படியொரு தடைக்காலம் அறிவிக்கும்படி அரசைக் கேட்டுக்கொள்கிறேன். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மட்டும் வைக்க வேண்டாம்.