வெறுங்காலும் எண்பத்தொன்பதாவது நிமிடமும்

இந்தியாவில் கால்பந்தை வளர்த்தது ஆங்கிலேயர் என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் ஸ்காட்லாந்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. 1888-இல் சிம்லாவில் டூரண்ட் கோப்பை முதன்முதலாக நடந்தபோது இறுதிப் போட்டியில் மோதிக்கொண்டவை ராயல் ஸ்காட்ஸ் ஃப்யூசிலியர்ஸும் ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியும். இரண்டுமே ஸ்காட்லாந்துப் பட்டாளங்கள். இமயமலை வரை கப்பலும் ரயிலும் குதிரையும் ஏறி வந்து, சொந்த ஊர்க்காரனோடு பந்துக்கு அடித்துக்கொள்வதற்கு ஒரு தனி மனசு வேண்டும்.

பெங்களூர் கண்டோன்மென்டிலும் பட்டாளத்துக்குப் பஞ்சமில்லை. 1809-இல் அது உருவானபோது மதராஸ் ராணுவத்தோடு தமிழர்களும் வந்து இறங்கினார்கள். துரை மாலையில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பந்து உதைத்தார். அதை வேடிக்கை பார்த்த பக்கத்து அல்சூர்ப் பையனும் உதைத்தான், பூட்ஸ் மட்டும் இல்லாமல். அவன் அதை ஒரு குறையாக நினைக்கவே இல்லை. வெறுங்காலால் பந்தைக் கட்டுப்படுத்துவது கைவிரலால் மாவைப் பதம் பார்ப்பது மாதிரி. இடையில் தோல் எதற்கு?

வேடிக்கை பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1937-இல் பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி தட்டிக்கொண்டு வந்தது. அதுவரை எந்த இந்திய அணிக்கும் அது வாய்த்ததில்லை. அடுத்த வருஷமும் கோப்பையை விட்டுக்கொடுக்கவில்லை. 1946-47-இல் சந்தோஷ் டிராபி. இறுதி ஆட்டத்தில் நம்ம பெங்களூர்க்காரர்கள் ஆடிய மைசூர் அணியிடம் தோற்றது வங்காளம். கால்பந்து என்றால் கல்கத்தா என்று நம்பியிருந்தவர்களுக்கு இது பெரிய அபசாரம். கல்கத்தா பழிவாங்கிய விதம் நாகரிகமானது: நம் ஆட்டக்காரர்களைச் சம்பளம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனது.

இதற்குள் தேசம் சுதந்திரம் அடைந்தாயிற்று. 1948, ஜூலை 31. லண்டனுக்குப் பக்கத்தில் இல்ஃபோர்டில் ஒலிம்பிக் ஆட்டம், எதிரே பிரான்ஸ். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலில், சிலர் கட்டுத்துணி சுற்றிய காலில். பிரெஞ்சுக்காரர்கள் ஆணி பதித்த பூட்ஸில். பார்த்த கூட்டம் முதலில் பரிதாபப்பட்டது, பிறகு வாயைப் பிளந்தது. முப்பதாவது நிமிடத்தில் பிரான்ஸ் ஒரு கோல். நமக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது. இரண்டையும் தாராளமாக வீணடித்தோம். விருந்தாளியாகப் போன வீட்டில் இரண்டாம் தடவை பரிமாறும்போது வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

எழுபதாவது நிமிடத்தில் பெங்களூரின் சாரங்கபாணி ராமன் கோல் போட்டார். சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேச கோல். பெயரிலேயே வில்லும் ராமனும் இருக்க, அம்புதான் பாக்கி என்று யாரோ நினைத்திருப்பார்கள். பத்தொன்பது நிமிடம் தேசமே சமநிலையில் இருந்தது. எண்பத்தொன்பதாவது நிமிடத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1 என்று முடித்துவைத்தது. பிறகு பக்கிங்ஹாம் அரண்மனையில் நம் ஆட்டக்காரர் சைலன் மன்னாவின் கால்சட்டையை மேலே சுருட்டச் சொல்லி, கால் இரும்பா என்று பார்த்தார்கள் என ஒரு கதை உண்டு. பார்த்தது அரசரா இளவரசியா என்பதில் கதை சொல்கிறவர்களுக்கே ஒற்றுமை இல்லை. தோற்ற அணிக்கு அரண்மனைக் கதை கிடைத்தால் போதும், கோல் கணக்கை யார் கேட்கப் போகிறார்கள்!

1950 உலகக் கோப்பைக்கு இடம் தானாகவே வந்து விழுந்தது. பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகிவிட்டதால் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் தகுதி. பயணச் செலவில் பெரும்பங்கை பிரேசிலே ஏற்பதாகச் சொல்லியும் நாம் போகவில்லை. வெறுங்காலோடு வரக்கூடாது என்று ஃபிஃபா தடுத்துவிட்டது என்பது இன்றுவரை உலவும் சமாதானம். உண்மையில் இந்தியக் கால்பந்துச் சங்கத்துக்கு ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பையெல்லாம் ஏதோ ஊர்த்திருவிழாப் போட்டி. சாக்கு தேவைப்பட்டபோது பாவம் அந்தப் பத்து விரல்களின் மேல் பழியைப் போட்டாயிற்று.

எனவே 1952-இல் பெரிதாக மதித்த அதே ஒலிம்பிக்குக்கு ஹெல்சிங்கி போனோம். ஊர் குளிரில் விறைத்தது, கால் அதற்கு முன்பே விறைத்தது. எதிரே யூகோஸ்லாவியா. இடைவேளைக்குள் ஐந்து கோல். ஸெபெக் என்பவர் மட்டும் மொத்தம் நான்கு போட்டார். பத்து ஆனதும் எண்ணுகிறவர்கள் விரலைத் தேட வேண்டியிருந்தது. அப்போது வந்தது அதே எண்பத்தொன்பதாவது நிமிடம். மறுபடியும் ஒரு பெங்களூர்க்காரர், அகமது கான், கோல் அடித்தார். 10-1. இல்ஃபோர்டில் நம்மிடமிருந்து பிடுங்கிய நிமிடத்தை ஹெல்சிங்கியில் வட்டியில்லாமல் திருப்பித் தந்தார்கள். இரண்டு ஒலிம்பிக், இரண்டு தோல்வி, இந்தியாவுக்கு மொத்தம் இரண்டு கோல். இரண்டும் நம்ம ஊர் சப்ளை.

அகமது கான் ஒரு விசித்திரப் பிறவி. இன்சைட் லெஃப்டில் ஆடுவார். பாம்பாட்டி என்று பேர், ஏனென்றால் பந்து அவர் காலைச் சுற்றிப் படமெடுத்து நிற்கும், எதிராளி மகுடிக்கு மயங்கின மாதிரி வேறு பக்கம் போவார். 1949-இல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப் அவரைக் கொண்டுபோயிற்று. அங்கே வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், சாலே, இவர் என ஐந்து தென்னிந்திய ஃபார்வர்ட்களுக்கு வங்காளிகள் வைத்த பெயர் பஞ்ச பாண்டவர். வங்காளக் கிளப்பின் மானத்தைக் காக்க வங்கத்துக்கு வெளியே போய் ஐந்து பேரைத் தேட வேண்டியிருந்ததைக் குருக்ஷேத்திர நியாயம் என்று எடுத்துக்கொள்ளலாம். 1949 முதல் 1951 வரை தொடர்ந்து மூன்று வருஷம் ஐ.எஃப்.ஏ. ஷீல்டை ஜெயித்தார்கள். அகமது கான் பத்து வருஷம் அங்கே ஆடினார். 2017-இல் பெங்களூரில் தொண்ணூறு வயதில் காலமானார்.

ஆட்டக்காரர் போனாலும் ஊரின் பந்து மோகம் போகவில்லை. அல்சூர் கௌதமபுரத்துக்குப் போனால் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளின் கூட்டத்தில் பந்தோடு பெலேயும் நிற்கிறார். சமூகநீதிக்கும் சமாதானத்துக்கும் சேவைக்கும் பக்கத்தில் ஒரு ஃபார்வர்டுக்கு இடம் கொடுத்த பேட்டை இது. ஜகார்த்தாவில் 1962 ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகம் போன்றவர்களை வளர்த்த ஊரில் பெலேவுக்கு இவ்வளவாவது செய்யாவிட்டால் நன்றாக இருக்காது.

பழைய கதைக்குத் திரும்பினால், ஹெல்சிங்கி அவமானத்துக்குப் பிறகு சங்கம் விழித்துக்கொண்டு, இனி எல்லாரும் பூட்ஸ் போட வேண்டும் என்று உத்தரவு போட்டது. 1956-இல் மெல்போர்ன் போன அணியில் நம்ம ஊர் ஹாஃப்-பேக் கெம்பையாவும் உண்டு. ஆஸ்திரேலியாவை 4-2 என்று அடித்து அரையிறுதிக்குப் போனால், அங்கே காத்திருந்தது அதே யூகோஸ்லாவியா. முதல் கோலை நாம்தான் போட்டோம். கடைசியில் 4-1 என்று தோற்றோம். வெறுங்காலில் பத்து, பூட்ஸோடு நான்கு. ஆக பூட்ஸின் மதிப்பு சரியாக ஆறு கோல் என்பது ஆதாரபூர்வமாக நிரூபணமாயிற்று.