ஓசி மாடும் நோட்டீஸும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தவனையாவது மன்னிக்கலாம். நம் கம்பெனிகள் மாட்டை ஓட்டிப் போய், பாலைக் கறந்து விற்றுக் காசாக்கிவிட்டு, தீவனக் குறிப்பு எங்கே என்று கொடுத்தவனுக்கே நோட்டீஸ் விடுகின்றன.

மிகையல்ல. ஃபோன், டிவி, கார் என்று எங்கும் குடியிருக்கும் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி கர்ல். ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க் 1998 முதல் அதைக் கட்டிக்காக்கிறார். லாக்ஃபோர்ஜே என்ற வேறொரு லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை என்று உலகமே அலறிய சமயம், 2022 ஜனவரியில், பெருநிறுவனம் ஒன்று அவருக்குக் கேள்விப் பட்டியல் அனுப்பியது. 24 மணி நேரத்தில் பதில் வேண்டுமாம்! லாக்ஃபோர்ஜே ஜாவா, கர்ல் சி மொழி. இரண்டுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஒப்பந்தம் போடுங்கள், சந்தோஷமாகச் சொல்கிறேன் என்றார் மனிதர். அடுத்த மடலில் அவரை ‘டேவிட்’ ஆக்கி, நாங்கள் உங்கள் வாடிக்கையாளர் இல்லையா என்று கேட்டார்கள். பெயர்கூடத் தெரியாத எஜமானர்கள்.

சரி, டாக்குமெண்டேஷன் எழுதி வைத்தால் மட்டும் படித்துக் கிழித்துவிடுவார்களா? எதிர்முனை சர்வரின் பெயரைச் சரிபார்க்க, கர்லில் ஒரு அமைப்புக்கு 2 என்று கொடுக்க வேண்டியிருந்தது. அதிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. அமேசானின் பணப் பட்டுவாடா லைப்ரரியில் ‘ட்ரூ’ என்று போட்டிருந்தார்கள். அது 1 ஆகி, சோதனையே சத்தமில்லாமல் அணைந்தது. 2012இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். (அந்த 2 கோணல் வடிவமைப்புதான். கர்ல்காரர்களே பிறகு 1 கொடுத்தால் பிழை காட்டும்படி மாற்றினார்கள்.)

பள்ளம் எங்கே என்று விழுந்தவனுக்குத்தான் தெரியும். வெட்டியவனுக்கு அது வாசல்படி. ஆகவே எழுத வேண்டியவர்கள் விழுந்தவர்கள், அதிலும் அந்த வழியில் சம்பாதிப்பவர்கள். எழுதாமலும் இல்லை. எழுதி, ‘ரகசியம்’ என்று முத்திரை குத்தி, ஆபீஸ் விக்கிக்குள் பூட்டுகிறார்கள். கிட்ஹப் 2017இல் நடத்திய கருத்தாய்வில் 93 சதவீதம் பேர் டாக்குமெண்டேஷன் அரைகுறை என்று குறைபட்டார்கள். பங்களிப்பவர்களிலேயே 60 சதவீதம் பேர் அதில் அபூர்வமாகத்தான் கைவைக்கிறார்கள், அல்லது வைப்பதே இல்லை. இரண்டு கூட்டமும் வேறு வேறு ஊர்க்காரர்களா என்ன?

அப்ரைசலில் டாக்குமெண்டேஷன் எழுதுவதற்கு ஒரு வரி சேர்க்கச் சொன்னால் ஹெச்ஆருக்கு மூச்சுத் திணறும். ‘ஓப்பன் சோர்ஸின் தோழர்கள்’ என்று பேனர் கட்ட மட்டும் நிதி வரும். அந்தக் காசில் ஒருவரை உட்காரவைத்து, விக்கியில் பூட்டியதை வெளியே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மாட்டோம் என்றால், அடுத்த நோட்டீஸுக்கு முன் உரிமத்தின் கடைசிப் பத்திகளைப் படியுங்கள். உள்ளது உள்ளபடி தருகிறோம், உத்தரவாதம் எதுவும் கிடையாது என்று பெரிய எழுத்திலேயே போட்டிருக்கிறார்கள். கண்ணாடிகூட வேண்டாம்.