ராங்கிங் மாமா

டென்னிஸ் தரவரிசையில் முதலிடத்தில் யார் இருந்தாலும் ராங்கிங் மாமாவுக்கு ஆகாது. திங்கட்கிழமை புதுப் பட்டியல் வந்ததும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, செல்போனை மூக்கருகே பிடித்து முதல் பத்துப் பெயர்களையும் படிப்பார். "அநியாயம்" என்பார். பிறகுதான் காபி.

சென்னையில் டென்னிஸ் பார்க்கும் கூட்டம் எங்கே கூடினாலும் இப்படி ஒருவர் இருப்பார். "அவர்தானே சார் நம்பர் ஒன்" என்று எந்தப் பையனாவது வாயைக் கொடுத்தால் போச்சு. கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்.

"தம்பி, 1977-ல என்ன நடந்தது தெரியுமா?"

தம்பியின் அப்பாவே அப்போது டவுசர் போட்டிருப்பார். மாமாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அந்த வருஷம் அர்ஜென்டினாவின் கில்லர்மோ வில்லாஸ் 16 பட்டம் வென்றார். பிரெஞ்சு ஓப்பனும் அமெரிக்க ஓப்பனும் அதில் சேர்த்தி. அமெரிக்க ஓப்பன் இறுதியில் தோற்றவர் ஜிம்மி கானர்ஸ். கடைசி செட் 6-0. இந்த இடத்தில் மாமா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து, தம்பியின் கண்ணுக்கு நேராக ஒரு பூஜ்யத்தைப் பிடிப்பார். வருஷக் கடைசியில் முதலிடம் யாருக்கு? பூஜ்யம் வாங்கிய கானர்ஸுக்கு! அந்த வருஷம் ஒரு கிராண்ட் ஸ்லாம்கூட ஜெயிக்காதவருக்கு! அப்போதெல்லாம் புள்ளிகளைப் போட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி பார்ப்பார்கள். ஓயாமல் ஆடிய வில்லாஸுக்குச் சராசரி இறங்கிவிட்டது. "உழைச்சவனுக்கு அபராதம்!" என்று மாமா தொடையில் தட்டுவார். தட்டுவது பெரும்பாலும் தம்பியின் தொடையில்.

"இப்ப சராசரி கிடையாதே மாமா, 52 வாரப் புள்ளிதானே?" என்று விவரம் தெரிந்தவர் குறுக்கிட்டால் இன்னும் உற்சாகமாகிவிடுவார்.

"அது அதைவிட மோசம். போன வருஷம் இந்த வாரம் வாங்கின புள்ளி இந்த வருஷம் கழிஞ்சு போயிடும். திவசம் மாதிரி, அதே திதியில திரும்பச் செஞ்சாகணும்."

உடனே 2022 விம்பிள்டன் வரும். ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை விம்பிள்டன் சேர்க்காததால் அந்த முறை அங்கே புள்ளியே கிடையாது என்றாகிவிட்டது. ஜோகோவிச் கோப்பையைத் தூக்கினார். மறுநாள் பட்டியலில் மூன்றாம் இடத்திலிருந்து ஏழாம் இடத்துக்கு இறங்கினார். சும்மா சொல்லக்கூடாது, இதில் மாமா பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் 1973-ல் தரவரிசை வந்ததே, எந்தப் போட்டியில் யாரைச் சேர்ப்பது என்பதை அமைப்பாளர்களின் இஷ்டத்துக்கு விடாமல் இருக்கத்தான். வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று அதனிடம் போய்க் கேட்பது நாம்தான்.

இதை மாமாவிடம் சொல்ல முடியாது. சொன்னால் 2008 நுங்கம்பாக்கத்துக்குப் போய்விடுவார். சென்னை ஓப்பன் இறுதியில் உலகின் இரண்டாம் நிலை வீரர் நடாலை மிகைல் யூஷ்னி 6-0, 6-1 என்று சுருட்டியதை நேரில் பார்த்தவர். "ரெண்டாம் நம்பராம், ரெண்டாம் நம்பர்!" முதல் நாள் கார்லோஸ் மோயாவுடன் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஆடி நடால் களைத்திருந்தார் என்பது மட்டும் அந்தக் கதையில் வராது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. 2004 முதல் 2008 வரை ஃபெடரர் தொடர்ந்து 237 வாரம் முதலிடத்தில் இருந்த காலம். "அப்ப கம்ப்யூட்டருக்குப் புத்தி இருந்தது."

மாமாவிடம் சொந்தப் பட்டியலும் இருக்கிறது, பழைய டைரி ஒன்றில். எதிராளி காயத்தால் விலகினால் பாதிப் புள்ளி. காற்றடிக்கும் நாளில் ஜெயித்தால் கூடுதல். "மளிகைக் கணக்கு எழுதச் சொன்னா மட்டும் கை வலிக்கும்" என்பது மாமியின் புள்ளி.

மாமாவுக்குச் சோதனையான வருஷம் 2015. ஜோகோவிச் மூன்று கிராண்ட் ஸ்லாம் வென்று 16,585 புள்ளியோடு முடித்தார். அடுத்த இடத்திலிருந்த மர்ரேக்கு 8,945. எந்தக் கணக்கில் பார்த்தாலும் அவர்தான். மாமா இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் முகம் மலர்ந்து வந்தார்.

"முதலிடம் கிடக்கட்டும். அந்த ஜோகோவிச்சையே பாரிஸ் ஃபைனல்ல சாய்ச்சவன் வாவ்ரிங்கா. ஜனவரியில நம்ம சென்னையிலயும் ஜெயிச்சான். அவன் நாலாவது, ஒரு ஸ்லாமும் ஜெயிக்காத மர்ரே ரெண்டாவதா? தம்பி, நீ உட்காரு."